ஆயா பெட்டிக்கு ரெண்டு ஸ்டார், கல்லாவில் இருக்கும் பெரியவருக்கு அஞ்சு

தர்மபுரி நாலு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருக்கிற நாட்டு மருந்துக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. நான் திட்டப்போவது அங்கே அடுக்கி வைத்திருக்கும் ஒரு பெட்டியை. அதைச் செய்கிற கம்பெனி எங்கேயோ இருக்கிறது, அவர்கள் பெயரும் இங்கே வேண்டாம். சந்துக்குள் நுழைந்தாலே ஓமமும் சாம்பிராணியும் கலந்த வாசனை வரும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் கடை.

பெட்டி விலை 749 ரூபாய். பனை ஓலையில் முடைந்தது, மூடியில் சிவப்புத் துணி, அந்தக் காலப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆரோக்கிய ரகசியம் என்று ஒரு அட்டை. உள்ளே விளக்கெண்ணெய் 100 மில்லி, வசம்பு ரெண்டு துண்டு, சுக்கு, ஓமம், கடுக்காய், சீத்தாப்பழ விதைப் பொடி, பேன் சீப்பு, முளைகட்டிய கேழ்வரகு மாவு கால் கிலோ, ஒரு பல்பொடி டப்பா. என் பெண் நாலாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து தலை நிறையப் பேன் கொண்டு வந்திருந்தாள், சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் சுளித்தாள், ரெண்டுக்கும் சேர்த்து ஏதாவது செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்தப் பெட்டி கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால் வாங்கியது மகளுக்காகப் பாதி, எங்கள் ஆயாவின் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) ஞாபகத்துக்காகப் பாதி. அதே சரக்கை அதே கடையில் பொட்டலமாக வாங்கினால் என்ன ஆகும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், 315 ரூபாய் வந்தது. ஓலைப் பெட்டிக்கு நூறு ரூபாய் வைத்தாலும் மீதி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

முதலில் உள்ளே மடித்து வைத்திருக்கும் நோட்டீஸ். எனக்குக் கோபம் வந்ததே அதைப் படித்துத்தான். அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் டாக்டரைப் பார்த்ததில்லையாம், ஊசி போட்டதில்லையாம், இந்த ஒன்பது பொருளை வைத்தே நோய் நொடி அண்டாமல் வளர்ந்தார்களாம். எங்கள் ஆயா பெற்றது ஏழு, நின்றது நாலு. ஒன்றை அம்மை கொண்டுபோனது, ஒன்றைக் கக்குவான் இருமல், ஒன்று வயிற்றுப்போக்கில் ரெண்டே நாளில் போய்விட்டது. நோய் நொடி அண்டவில்லை என்று ஆயாவிடம் போய்ச் சொல்லியிருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள்.

ஊசி போட்டதில்லை என்பதும் பொய். என் அம்மாவின் கையில் ரெண்டு பெரிய தழும்பு இருக்கிறது, அம்மை குத்தியது. அவர் படித்த காலத்தில் அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவாராம், சைக்கிள் மணி கேட்டதும் பாதிப் பிள்ளைகள் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துப் புளியந்தோப்புக்குள் ஓடுமாம், வாத்தியார் பெரிய பையன்களை அனுப்பி ஒவ்வொன்றாகப் பிடித்துவரச் சொல்வாராம். அந்தத் தடுப்பு மருந்தான அம்மைப்பாலைச் செய்வதற்காகவே கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் என்று 1899-ல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். 1980-ல் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள், அதனால் எனக்கு அந்தத் தழும்பு கிடையாது, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்ட சின்னக் குழி மட்டும் இருக்கிறது. டாக்டர் பார்த்ததில்லை என்கிறார்களே, பரோடாவில் 1909-லேயே பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டாக்டர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் அதெல்லாம் வந்து சேர ரொம்ப நாள் ஆனது, அது வேறு கதை.

சரி, சரக்குக்கு வருகிறேன்.

விளக்கெண்ணெய் நல்ல எண்ணெய்தான். கெட்டியாக, லேசான மஞ்சளில், காறல் வாடை இல்லாமல் இருக்கிறது. ஆனால் நோட்டீஸில் போட்டிருக்கிறான், பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை ஒரு ஸ்பூன் என்று. வாரம் ஒரு முறை! எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் பேதிக்குக் கொடுப்பது, முழுப்பரீட்சை முடிந்த மறுநாள். சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஒன்பது பேர் பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் வரிசையாக உட்காருவோம். எண்ணெய் கடையில் வாங்கியது இல்லை, வயல் வரப்பில் நின்ற ஆமணக்கின் கொட்டமுத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்க வைத்து மேலே மிதப்பதை வழித்து எடுத்து ஆயாவே காய்ச்சியது. முந்தின ராத்திரி வெறும் கஞ்சி. விடியற்காலையில் எழுப்பி, ஒவ்வொருவரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள், கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள், வயிற்றை ரெண்டு இடத்தில் அமுக்குவாள், அதற்குப் பிறகுதான் உள்ளங்கையைக் குழித்து எண்ணெய் ஊற்றுவாள். ஆளுக்கு ஒரு அளவு. போன வாரம் காய்ச்சலில் கிடந்தவனுக்கு இந்த வருஷம் கிடையாது, போய் விளையாடு என்பாள், அவன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவான். மூக்கைப் பிடித்து ஒரே மடக்கு, அதன் மேல் சுடச்சுட வெல்லக் காப்பி. மத்தியானம் வரைக்கும் காட்டுக்கும் வீட்டுக்கும் நடைதான். அப்புறம் ரசம் சோறு. ஒரு வருஷம் என் அத்தை மகன் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஆயா சத்தம் போடவில்லை, டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள், பத்து மணிக்கு அவனே இறங்கி வந்தான்.

இதையெல்லாம் சொல்வதால் விளக்கெண்ணெய்தான் மருந்து என்று நான் சொல்லவில்லை. அந்த எண்ணெய் குடலுக்குள் போய்ப் பிரிந்து ரிசினோலிக் அமிலமாகிக் குடலை முடுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். வெளியே போகிற வேகத்தில் நாலு பூச்சி சேர்ந்து போகலாம், மறுநாளே செருப்பில்லாமல் அதே ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழு கால் வழியாகத் திரும்ப ஏறிவிடும். இப்போது பள்ளிக்கூடத்திலேயே அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று மெல்லக் கொடுக்கிறார்கள், 2015-லிருந்து பிப்ரவரி 10-ம் தேதியைக் குடற்புழு நீக்க நாள் என்றே வைத்திருக்கிறார்கள், திண்ணையில் ஒன்பது பேர் மூக்கைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. வாரம் ஒரு முறை பேதி கொடுத்தால் பிள்ளை உடம்பில் இருக்கிற நீரும் உப்பும் போய்த் துவண்டுவிடும். இதை எழுதியவன் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

பேன் சீப்பு படத்தில் மரம், கையில் எடுத்தால் மரக்கலர் அடித்த பிளாஸ்டிக். பல் இடைவெளி அகலம், ஈர் ஒன்றுகூட மாட்டவில்லை. எங்கள் காலத்து மரச்சீப்பில் ரெண்டு பக்கமும் பல் இருக்கும், இழுத்தால் தலைத்தோல் எரியும், ஆனால் வேலை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திண்ணையில் ஒருத்தி மடியில் ஒருத்தி என்று ரயில் வண்டி மாதிரி உட்கார்ந்திருப்போம், கதை பேசிக்கொண்டே நகத்தில் வைத்து நசுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சீத்தாப்பழ விதைப் பொடிக்கு ஸ்டாரே கிடையாது, முடிந்தால் கழிக்கலாம். நம் மாவட்டத்துக் குன்றுகளில் சீத்தா தானாக முளைத்துக் கிடக்கிறது, விதையை அரைத்துத் தலையில் பூசுகிற பழக்கமும் பழையதுதான், பேன் சாகும் என்பதும் நிஜம். ஆனால் அது கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். எனக்கே ஆறாவது படிக்கும்போது குளிக்கிற தண்ணீரோடு வழிந்து கண்ணுக்குள் போய், ரெண்டு நாள் கண்ணைத் திறக்க முடியாமல் இருட்டறையில் கிடந்தேன். பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை என்று ஒரு வரி கிடையாது. இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்று மட்டும் பச்சை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

சுக்கு, ஓமம் ரெண்டும் பரவாயில்லை, வாசனை இருக்கிறது. கடுக்காயைக் கொட்டையோடு அப்படியே போட்டிருக்கிறார்கள், சுக்குக்குத் தோல் சீவவில்லை. கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு என்பது எந்த வீட்டுப் பாட்டிக்கும் தெரியும், ஆரோக்கிய ரகசியம் விற்கிற கம்பெனிக்குத் தெரியவில்லை. வசம்பைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. விளக்கில் சுட்டு இழைத்து வயிற்று வலிக்குத் தொப்புளைச் சுற்றித் தடவுவாள் ஆயா, அந்த அளவோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள், அதில் இருக்கிற பீட்டா அசரோன் என்கிற வேதிப்பொருள் நல்ல சரக்கு இல்லை.

கேழ்வரகு மாவு அருமை. இதைச் சொல்லாவிட்டால் பாவம். முளை சரியான பக்குவத்தில் வந்து, நிழலில் காய்ந்து, வறுத்த மணத்தோடு இருக்கிறது. கூழ் காய்ச்சி மோர் விட்டுக் கொடுத்தேன், சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மகள் ரெண்டு டம்ளர் குடித்தாள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்கிறார்கள், அரிசி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் கால் கிலோ எத்தனை நாளைக்கு? நம் மாவட்டத்தில் 2023-லிருந்து ரேஷனிலேயே ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம், ஊறப்போட்டுத் துணியில் கட்டி வைத்தால் ரெண்டு நாளில் முளை. நோட்டீஸில் இல்லாதது இன்னொன்று உண்டு. எங்களையெல்லாம் நிமிர்த்தியது களி மட்டும் இல்லை, சத்துணவும்தான். சென்னையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920-ல் மாநகராட்சி தொடங்கியது, 1956-ல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது என்று அதற்கு ஒரு பெரிய வரிசையே இருக்கிறது. நான் 1984-ல் ஒன்றாவது சேர்ந்தவள், தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருத்தி. எங்கள் வகுப்பில் ஒரு பெண் சிலேட்டுக்குச்சியைக் கடித்துக் கடித்தே தின்பாள், அடித்தும் நிற்கவில்லை. ரத்தம் குறைந்த பிள்ளைகள் மண்ணும் பலப்பமும் தின்னும் என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, முட்டை போடுகிற அன்றைக்கு வகுப்பில் ஒரு ஆள் லீவு இருக்காது.

இனி பல்பொடி. பெட்டியில் எனக்கு அதிகம் வலித்தது இந்த ஐம்பது ரூபாய் டப்பாதான்.

பற்கறை முழுவதும் நீங்கும் என்று மேலே போட்டிருக்கிறது. தர்மபுரியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரிந்திருக்கும். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டு, அடிபம்பு வைத்து, அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தோம். எங்கள் பக்கத்துப் பாறையிலிருந்து ஃபுளூரைடு அந்தத் தண்ணீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, ஏழெட்டு வயசுக்குள்ளாகவே, அது எனாமலைக் கெடுத்துவிடும், முளைக்கும்போதே பல் சுண்ணாம்பு வெள்ளையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக வரும். மேலே ஒட்டிய அழுக்கு இல்லை அது, பல்லே அந்த நிறம். காய்ச்சிக் குடித்தாலும் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடும்.

இது எங்களுக்கும் தெரியாது, எங்கள் வாத்தியாருக்கும் தெரியாது. திங்கள்கிழமை பிரேயர் முடிந்ததும் சுத்தம் பார்ப்பார்கள். நகம், தலை, காது, கடைசியில் பல். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார், அவருக்குப் பல் பளிச்சென்று இருக்கும், ஈ என்று காட்டச் சொல்லி, பழுப்பாக இருந்தால் பல் விளக்குவதே இல்லையா என்று புறங்கையில் ஸ்கேலால் ஒன்று வைப்பார். நல்ல மனுஷன்தான், காய்ச்சல் வந்த பிள்ளையைத் தன் சைக்கிளில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டவர், ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வாராவாரம் அடி வாங்கினோம். எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு இலவசப் பல்பொடி கொடுத்தார்கள், அதைப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அடுப்புக்கரி, உப்பு, கடைசியில் செங்கல் தூள், ஈறில் ரத்தம் வரும்வரை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாய்க்காலோரம் உட்கார்ந்து நான் செங்கல் தூளைத் தேய்த்தது எதற்காக என்று ஆயா கேட்டதும், நான் சொன்னதும், அவள் தன் வாயைத் திறந்து காட்டியதும் ஞாபகம் இருக்கிறது. அவள் பல் வெள்ளை. அவள் சின்ன வயசில் குடித்தது ஏரித் தண்ணீரும் திறந்த கிணற்றுத் தண்ணீரும். எனக்கென்னவோ நான்தான் சரியாக விளக்கவில்லை என்றே தோன்றியது. பத்தாவது குரூப் போட்டோவில் எங்கள் பெண்கள் ஒருத்திகூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை, எடுத்துப் பாருங்கள், உங்கள் வீட்டு போட்டோவும் அப்படித்தான் இருக்கும்.

காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்தவள் என் மகள்.

அதனால் பல்பொடி டப்பாவையும் விதைப் பொடியையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். முதல் தடவை கல்லாவில் இருந்தது ஒரு பையன், போனைப் பார்த்துக்கொண்டே பில் போட்டான். இந்தத் தடவை பெரியவர் இருந்தார், எழுபது தாண்டியிருக்கும். கம்பெனி சீல் வைத்த பெட்டி, பிரித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் சுற்றி வளைத்துப் பேசவில்லை. பிறகு, "கொழந்தைக்கு எத்தனை வயசு கண்ணு, என்ன தொந்தரவு?" என்று கேட்டார். அதை அந்த 749 ரூபாய்ப் பெட்டி ஒரு இடத்திலும் கேட்கவில்லை. விளக்கெண்ணெய் வாரம் ஒரு முறை என்று போட்டிருப்பதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, "இவனுக்குக் கொடுக்கணும் முதல்ல" என்றார். எதற்கும் ஜி.எச்.சில் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள் என்று நாட்டு மருந்துக் கடைக்காரரே சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

பேனுக்கு வேப்பெண்ணெயும் நிஜமான மரச்சீப்பும் எடுத்து வைத்தார். சித்தேரி மலைக் கடுக்காய் வேண்டுமா என்று கேட்டு, நான் தலையாட்டியதும் அவரே உட்கார்ந்து கொட்டையைத் தட்டி எடுத்துத் தோலை மட்டும் நிறுத்துப் போட்டார், அதற்குப் பத்து நிமிஷம் ஆனது, அவசரமாகப் போகிறவர்கள் அவரிடம் போகாதீர்கள். ஜிபே உண்டு, பையன் இருந்தால்தான் வேலை செய்யும். சந்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போவது நல்லது.

கல்லா மேல் வைத்த பல்பொடி டப்பாவைக் காட்டி, கறை போகும் என்று போட்டிருக்கிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நான் விடாமல் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். என் பல்லில் இருக்கிற அதே பட்டை, அதே பழுப்பு. எந்த ஊர் என்றேன், பாப்பாரப்பட்டிப் பக்கம் என்றார். அப்புறம் என் மகளைக் கிட்டே கூப்பிட்டு, "ஈ காட்டு பாப்பா" என்றார். அவள் காட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணியா?"

"ஆமாங்க, பொறந்ததிலிருந்து அதுதான்."

ஜாடியைத் திறந்து ஒரு பனங்கற்கண்டுத் துண்டை அவள் கையில் வைத்தார், தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கணும் என்றார். வேப்பெண்ணெய், சீப்பு, கடுக்காய்த் தோல் எல்லாம் சேர்த்து 140 ரூபாய்.